மகள் கல்லூரி லக்ராஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராகப் போக விரும்புகிறாள்: இந்த வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேரிலாந்து அம்மா எழுதியது:

வணக்கம். என் மகள் வரும் மே மாதம் பொருளாதாரத்தில் பட்டம் பெறுகிறாள். நடுநிலைப் பள்ளியிலிருந்தே லக்ராஸ் (வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் அடிக்கும் ஆட்டம்) ஆடுகிறாள். இப்போது டிவிஷன் 3 (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு; டிவிஷன் 1 தான் உச்சப் பிரிவு) கல்லூரி ஒன்றின் கோல்கீப்பர். ஒரு வங்கியில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கல்லூரி அணியில் உதவிப் பயிற்சியாளராகப் போகிறேன் என்கிறாள்.

இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, நியூ இங்கிலாந்தில் ஒரு சின்ன டிவிஷன் 3 கல்லூரி. பத்து மாத வேலை, 12,000 டாலர் மதிப்பூதியம், வளாகத்திலேயே அறை, சாப்பாடு. இன்னொன்று, எல்லோரும் பெயர் சொன்னால் தெரிந்துகொள்ளும் டிவிஷன் 1 பல்கலைக்கழகம். அங்கே பயண ஏற்பாடு, வீடியோ, அலுவலக வேலை. களத்தில் பயிற்சி தரும் பொறுப்பு கிடையாது. சம்பளம் கொஞ்சம் கூடுதல்.

என் கணவருக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. நான் அவளைத் தடுக்க நினைக்கவில்லை. பிப்ரவரிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய ஆட்டங்களைப் பார்த்தவள் நான். கோல் வாசலில் நின்று மற்ற பெண்களைக் குரல் கொடுத்து நகர்த்தும்போது அவள் முகத்தில் வருகிற தெளிவை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் 12,000 டாலரில் ஒருத்தி எப்படி வாழ்வாள்? ஆட்டம் இல்லாத மாதங்களில் இவர்களுக்கு என்ன வேலை? பத்து ஆண்டு கழித்து எங்கே இருப்பாள்? போவதென்றே முடிவானால், பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் பின்னால் உதவும் அல்லவா? விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நியூ ஜெர்சி வாசகர்:

சகோதரி, விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. கல்லூரி ஒன்றின் நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பணக் கணக்கு மட்டும் சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டுக்கு இப்போதைக்குப் பயம் வேண்டாம்; 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே அவள் இருக்கலாம். படிப்புக் கடன் இருந்தால், அரசுக் கல்லூரி அல்லது லாப நோக்கற்ற கல்லூரியில் முழுநேர ஊழியராக இருந்து 120 மாதத் தவணை கட்டியவர்களுக்கு மீதி மத்தியக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. பகுதிநேர ஊழியருக்கு அது பொருந்தாது. ஆகவே நியமனக் கடிதத்தில் முழுநேரமா, பகுதிநேரமா என்பதைக் கவனமாகப் படியுங்கள். முழுநேர ஊழியருக்குப் பல கல்லூரிகள் முதுகலைப் படிப்பைக் கட்டணமில்லாமலோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. அதுவும் சம்பளத்தின் ஒரு பகுதிதான்.

உதவிப் பயிற்சியாளர், பெண்கள் அணி:

அம்மா, வணக்கம். நான் டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றில் தற்காப்பையும் கோல்கீப்பர்களையும் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் டிவிஷன் 3 கல்லூரிகளில் இருந்தேன். உங்கள் மகள் கோல்கீப்பர் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். அவள் பொறுப்பில் எதை விடுகிறார்கள் என்று பாருங்கள். இந்தத் தொழிலில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒன்று முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். கோல்கீப்பர்களோ, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் டிராவோ, எதிரணி பற்றிய அறிக்கையோ, எதுவானாலும் சரி. அது நன்றாக நடந்தால் உங்களால் நடந்தது. நடக்காவிட்டால் தலைமைப் பயிற்சியாளர் உங்களைத்தான் கேட்பார். அப்படி ஒரு பொறுப்பைச் சுமக்காமல் நான்கு ஆண்டுகள் பெரிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்த நேர்காணலில் அவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஆட்டம் இல்லாத மாதங்களில் என்ன வேலை என்று கேட்டீர்கள். அப்படி ஒரு மாதம் கிடையாது. ஆகஸ்ட் இறுதியில் மாணவிகள் வந்ததும் இலையுதிர்காலப் பயிற்சி. குளிர்காலத்தில் தனித்தனிப் பயிற்சியும் வீடியோவும். பிப்ரவரி முதல் மே வரை ஆட்டங்கள். ஜூன், ஜூலையில் நாடு முழுக்க நடக்கும் கோடைப் போட்டிகளுக்குப் போய்ப் பள்ளி மாணவிகளைப் பார்க்க வேண்டும். ஆட்டக் காலத்தில் மாணவிகள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுக்குச் செலவிடக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பது டிவிஷன் 1-இல், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் விதி. பயிற்சியாளருக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால், ஞாயிறு காலை ஹட்ல் என்னும் வீடியோ மென்பொருளில் அடுத்த எதிரணியின் வீடியோவைத் திறப்பேன். முதலில் ஃப்ரீ பொசிஷன் ஷாட்களை (தற்காப்பு அணி தவறு செய்தால் கிடைப்பவை) மட்டும் பிரித்தெடுப்பேன். கோலுக்கு முன்னால் இருக்கும் எட்டு மீட்டர் வளைவில் எந்தக் கோட்டிலிருந்து எறிகிறாள், வலக்கையா இடக்கையா, முதல் அடிக்குப் பிறகு குச்சியைத் தோளுக்கு மேலே வைக்கிறாளா பக்கவாட்டில் கொண்டுவருகிறாளா, பந்து எந்த மூலைக்குப் போகிறது என்று ஒவ்வொருத்திக்கும் குறித்துக்கொள்வேன். முப்பது நாற்பது ஷாட் பார்த்த பிறகு கோல்கீப்பரிடம் தருவது ஒரே ஒரு தாள். அதில் நான்கைந்து வரிதான் இருக்கும். அதற்கு மேல் அவள் தலையில் ஏற்றினால் ஆட்டத்தில் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். யோசிக்கும் கோல்கீப்பரைப் பந்து கடந்துவிடும்.

கோல்கீப்பருக்குப் பயிற்சி தருவது நுட்பமான வேலை. ஷாட் எடுப்பவளின் கை முன்னால் வரும் கணத்தில் சில கோல்கீப்பர்கள் தங்களை அறியாமல் கைகளை இடுப்புப் பக்கம் இறக்குவார்கள். பந்து மேலே வந்தால் கை மறுபடி ஏற வேண்டும். அதற்குள் வலை அசைந்துவிடும். ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு ‘மேல் மூலையில் பலவீனம்’ என்று தோன்றும். உண்மையில் பலவீனம் கையை இறக்கும் பழக்கத்தில் இருக்கிறது. ஆடி அனுபவித்தவளுக்கு இது ஒரே வாரத்தில் கண்ணில் படும். உங்கள் மகளுக்கும் படும். டிவிஷன் 3-இல் பல அணிகளில் கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் இருப்பதில்லை. அவளுக்கு அங்கே பெரிய இடம் காத்திருக்கிறது.

தற்காப்பும் அப்படித்தான். பெண்கள் ஆட்டத்தில் தற்காப்பு வீராங்கனை எட்டு மீட்டர் வளைவுக்குள் யாரையும் குச்சி நீளத்துக்குள் மறிக்காமல் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தவறு. எதிரணிக்கு ஃப்ரீ பொசிஷன் கிடைக்கும். ஷாட் எடுப்பவளுக்கும் கோலுக்கும் இடையே சும்மா குறுக்கே நின்றாலும் தவறு. ஆக, உதவிக்கு ஓடி வர வேண்டும், வந்த வேலை முடிந்ததும் விலக வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்கள் ஏழு பேருக்கு இந்த வருகையையும் விலகலையும் ஒரே நேரத்தில் நடக்கும்படி கற்றுக்கொடுப்பதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கோல்கீப்பர் குரல் கொடுக்க, எல்லோரும் நகர்ந்து முடித்திருப்பார்கள். சம்பளக் கணக்கில் வராத சந்தோஷம் அது.

இனி மாணவிகளைச் சேர்க்கும் வேலை. உதவிப் பயிற்சியாளரின் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. முன்பு எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளிடமே ‘உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்’ என்று வாய்மொழி உறுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2017 ஏப்ரலில் என்சிஏஏ அதை நிறுத்தியது. பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் மாணவியிடம் பேசக் கூடாது. இந்த விதியை வேண்டும் என்று கேட்டதே பயிற்சியாளர்களின் சங்கங்கள்தான். எனக்கு அதில் பெருமை உண்டு. கோடைப் போட்டிகளில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து களங்களில் ஆட்டம் நடக்கும். பெரும்பாலான கிளப் அணிகளில் இரண்டு கோல்கீப்பர்கள் பாதிப் பாதி ஆட்டம் நிற்பார்கள். எந்தப் பாதியில் யார் என்று முந்தின இரவே கிளப் பயிற்சியாளரிடம் கேட்டு வைக்காவிட்டால், அரை மைல் வெயிலில் நடந்து போய் வேறொருத்தியைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. அங்கே கல்லூரியைத்தான் விற்க வேண்டும்: படிப்பு, பேராசிரியர்கள், பொருளாதார உதவி. மாணவியின் மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, இவளுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லி, பதில் வந்ததும் பெற்றோரிடம் பக்குவமாகப் பேச வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தையில் தேறியவர்கள் பிறகு தலைமைப் பொறுப்பில் தடுமாறுவதில்லை.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் வேலையில் பணம் குறைவு. ‘இதில் ஆர்வம் இருப்பவர்கள் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள்’ என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால், அந்த இடத்தில் சேர வேண்டாம். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். ஒரு சட்ட விஷயமும் தெரிந்திருக்கட்டும்: கற்பிப்பதே முதன்மைப் பணி என்றால் பயிற்சியாளரை ‘ஆசிரியர்’ வகையில் சேர்த்து, கூடுதல் நேர ஊதியம் இல்லாமல் வைத்துக்கொள்ள மத்தியத் தொழிலாளர் சட்டம் இடம் தருகிறது. முதன்மைப் பணி மாணவிகளைச் சேர்ப்பதோ நிர்வாகமோ என்றால் அந்த விலக்கு பொருந்தாது. எனவே வேலை விவரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

பத்து ஆண்டு கழித்து எங்கே என்று கேட்டீர்கள். கேத்தி ரீஸ் மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் ஆடினார், அங்கேயே தலைமைப் பயிற்சியாளர் சிண்டி டிம்சலின் கீழ் உதவிப் பயிற்சியாளராக இருந்தார், டென்வர் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பு ஏற்றார், 2007 பருவத்திலிருந்து மேரிலாந்தின் தலைமைப் பயிற்சியாளர். கெய்லா டிரேனர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வீராங்கனையாக இருந்தவர். ஹார்வர்டிலும் பிறகு பாஸ்டன் கல்லூரியிலும் உதவிப் பயிற்சியாளர். பாஸ்டன் கல்லூரி 2021-இல் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தில் அதன் வீராங்கனை சார்லட் நார்த் 102 கோல் அடித்தார். அதே கோடையில் டிரேனர் சிரக்யூஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இவர்கள் உச்சத்தைத் தொட்டவர்கள், எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனாலும் கவனியுங்கள்: இருவருமே யாரிடம் கற்றார்கள் என்பதுதான் அடுத்த கதவைத் திறந்தது.

ஒரு கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் புதியவர் பெரும்பாலும் தன் ஆட்களோடு வருவார். நாம் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஜூன் மாதத்தில் பெட்டி கட்ட நேரிடும். எனக்கு நடந்திருக்கிறது. டிவிஷன் 1-இல் இப்போது வேறு பல மாற்றங்களும் நடக்கின்றன: 2025-இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் விளையாட்டு வருமானத்தை வீரர்களோடு பகிரலாம், அதில் சேர்ந்த கல்லூரிகளில் பெண்கள் லக்ராஸ் அணிக்கு 38 பேர் என்று உச்சவரம்பு. பட்ஜெட் எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொரு துறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. டிவிஷன் 3-ஐ இது நேரடியாகத் தொடவில்லை.

ஆகவே என் வாக்கு அந்தச் சின்னக் கல்லூரிக்கே. ஒரு நிபந்தனை: அங்கே இதற்கு முன் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்களை உங்கள் மகள் தேடிப்பிடித்துப் பேச வேண்டும். இப்போது எங்கே இருக்கிறார்கள், ஏன் போனார்கள், அவர்களுக்காகத் தலைமைப் பயிற்சியாளர் தொலைபேசியை எடுத்து நாலு பேரிடம் பேசினாரா என்று கேட்க வேண்டும். உதவியாளரை வளர்த்து அனுப்புகிறவர் ஒருவகை, வைத்து வேலை வாங்குகிறவர் ஒருவகை. இதை நேர்காணலில் கண்டுபிடிக்க முடியாது.

முன்னாள் பயிற்சியாளர், ஆண்கள் அணி:

மேலே தங்கை எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். நான் டிவிஷன் 1 ஆண்கள் அணி ஒன்றில் ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் இருந்தேன். சம்பளமே கிடையாது. கோடை முகாம்களிலும் தனிப் பயிற்சியிலும் கிடைத்ததை வைத்து வாடகை கொடுத்தேன். வேலையோ மற்றவர்களுக்குச் சமம். அந்தப் பதவியை என்சிஏஏ 2023 ஜூலை 1 முதல் டிவிஷன் 1-இல் ஒழித்துவிட்டது. மிக நல்ல காரியம். இன்னும் யாராவது சம்பளமில்லாமல் ‘அனுபவத்துக்காக’ வரச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். எல்லோரும் உதவிப் பயிற்சியாளர் பதவியை ஏணியின் கீழ்ப்படியாகவே பேசுகிறோம். ஆண்கள் ஆட்டத்தில் டேவ் பியட்ரமாலாவைப் பாருங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக 2005, 2007 இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றவர். 2020-இல் அங்கிருந்து விலகிய பிறகு வட கரோலினாவிலும் பின்னர் சிரக்யூஸிலும் தற்காப்பைப் பார்க்கும் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தற்காப்பைக் கற்பிப்பதே ஒரு முழு வாழ்நாள் வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகள் தலைமைப் பயிற்சியாளர் ஆகாவிட்டால் தோற்றுவிட்டாள் என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம்.

நான் குழந்தை பிறந்த பிறகு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகச் சேர்ந்து, அந்தப் பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். நிரந்தரச் சம்பளம், மாலையில் களம். அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

மேரிலாந்து அம்மா:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பயிற்சியாளர் எழுதியதை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கையை இறக்கும் கோல்கீப்பர் பற்றி வந்ததும் மகள் குறுக்கிட்டு, தன் அணியிலேயே அப்படி ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி, எழுந்து நின்று செய்தே காட்டினாள். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கவனித்துக் கேட்டார்.

சின்னக் கல்லூரியில் முன்பு இருந்த இருவரிடம் மகள் பேசிவிட்டாள். ஒருவர் இப்போது வேறொரு கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளரே தனக்காக மூன்று இடங்களில் பேசினார் என்றாராம். இன்னொருவர் இரண்டாம் ஆண்டில் விலகிவிட்டார். கோடையில் சம்பளம் இல்லாமல் போட்டிகளுக்கு அனுப்பினார்கள் என்ற வருத்தம் அவருக்கு. கோல்கீப்பர்களும் எதிரணி அறிக்கையும் முழுக்க மகளின் பொறுப்பு என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் வேறென்ன கேட்க வேண்டும்? முதுகலைப் பட்டம் கட்டாயமா?

உதவிப் பயிற்சியாளர், பெண்கள் அணி:

அம்மா, மூன்று இடங்களில் பேசினார் என்பது மிக நல்ல செய்தி. இரண்டாமவரின் வருத்தத்தையும் அதே அளவுக்குப் பொருட்படுத்துங்கள். பத்து மாத ஒப்பந்தம் என்றால் ஜூன், ஜூலை அதில் வராது. ஆனால் கோடைப் போட்டிகள் நடப்பதே அப்போதுதான். ஆகவே இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: அந்த மாதங்களில் போகச் சொன்னால் நாளுக்கு எவ்வளவு, பெட்ரோலும் தங்குமிடமும் யார் செலவு, சொந்தக் காரில் போக வேண்டுமா, அப்போது வளாக அறை திறந்திருக்குமா. கல்லூரி நடத்தும் கோடை முகாமில் வேலை செய்தால் அதற்குத் தனி ஊதியம் உண்டா என்பதையும் கேட்கட்டும். பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளால் புண்பட மாட்டார். துறைத் தலைவரிடம் பணம் கேட்க அவருக்கே இது ஒரு பிடிமானமாக இருக்கும்.

முதுகலை கட்டாயம் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கான விளம்பரங்களில் ‘முதுகலை விரும்பத்தக்கது’ என்ற வரி அடிக்கடி வரும். கல்லூரி கட்டணமில்லாமல் தந்தால் படிக்கட்டும். கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். அவளுடைய பொருளாதாரப் பட்டமும் வீண்போகாது. அணியின் பயணச் செலவையும் உபகரணச் செலவையும் ஒழுங்காகக் கணக்குப் போடத் தெரிந்த உதவியாளரைத் துறைத் தலைவர்கள் மறப்பதில்லை.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். வங்கி வேலைக்கு மூன்று ஆண்டு கழித்தும் போகலாம். இருபது பெண்களை ஒரு பருவம் முழுக்க வழிநடத்தியவள் என்பதை எந்த நிறுவனமும் குறைவாக எடைபோடாது. இந்த வேலைக்கோ, ஆடி முடித்த கையோடு வருகிறவர்களுக்குத்தான் எளிதில் இடம் கிடைக்கும்.

கையெழுத்தான மறுநாளே, அங்கே இருக்கும் கோல்கீப்பர்களின் கடந்த பருவ வீடியோவை அவள் கேட்டு வாங்கட்டும். கோல் விழுந்த ஷாட்களை மட்டும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொருத்திக்கும் திருத்த வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை எழுதி வைக்கட்டும். ஆகஸ்டில் அவர்களை முதல் தடவை சந்திக்கும்போது அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.